பென்ட்ரி கபட்: காசு கதவுக்கா, பெட்டிக்கா?

வீடு கட்டும் நம்மவர்களில் பலர் இன்று பென்ட்ரி கபட் அடிக்காமல் குடிபுகுவதில்லை. காட்சியறையில் முழுத் தொகுதியாக வாங்குவோர் ஒருபுறம். பலகையைத் தாமே வாங்கி, ஊர் ஓடாவியைக் கொண்டு வீட்டிலேயே செய்விப்போர் மறுபுறம். இந்த இரண்டாவது வகையினரை நம்பித்தான் எமது ஹார்ட்வெயார் கடைகளும் சிறு தச்சுப் பட்டறைகளும் இருக்கின்றன. எனவே இது வீட்டுக்காரரின் பிரச்சினை மட்டுமல்ல, வர்த்தகரின் பிரச்சினையும்தான்.

நான் பார்த்த அளவில், செலவில் பெரும்பகுதி கதவின் பளபளப்புக்கே போகிறது. ஆனால் பென்ட்ரியின் ஆயுளைத் தீர்மானிப்பது கதவல்ல. கதவுக்குப் பின்னாலுள்ள பெட்டியும் அதன் மூட்டுகளும்தான். 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது, இறக்குமதிப் பலகையின் விலையும் கூடவே ஏறியது. அவ்வாறான வேளையில் வாடிக்கையாளரின் கண்ணுக்குப் படாத இடத்தில் தரத்தைக் குறைக்கும் ஆசை யாருக்கும் வரலாம். அந்த ஆசைக்கு இடம்கொடுப்பவர் இரண்டு மழைக்காலத்துக்குள் பெயரை இழப்பார்.

எந்த இடத்துக்கு எந்தப் பலகை?

முழுப் பென்ட்ரிக்கும் ஒரே பலகை தேவையில்லை என்பதே என் கருத்து. தண்ணீர் படும் இடம் சிங்கின் கீழ்ப்பகுதியும் தரையோடு ஒட்டிய பகுதியுமாகும். அங்கே சிப் போர்ட்டோ சாதாரண எம்.டி.எப். பலகையோ போட்டால், விளிம்பு வழியாக நீரை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த இரண்டு மூன்று பெட்டிகளுக்கு மட்டும் 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் போடுங்கள். மேல் கபட்டுகளுக்கு விளிம்பு நன்கு மூடிய மெலமைன் பலகை போதும். இவ்வாறு பிரித்துச் செய்தால் செலவும் கைமீறாது.

‘மரைன்’ என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியத் தர நியமம் மரைன் பிளைவூட்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கிறது. கடைக்காரர் ஒரு துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்தாலே மட்டமான பசை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பர் பலகை மலிவு, பார்வைக்கும் அழகு. ஆனால் மருந்தூட்டி உலர்த்தாத ரப்பர் பலகையைப் பூச்சி அரிக்கும். தேக்கு, மஹோகனிக் கதவு செய்வோர் நடுப்பலகையைச் சட்டத்தின் தவாளிப்புக்குள் பசையில்லாமல் விட வேண்டும். மரம் ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். ஒட்டிவிட்டால் வெடிக்கும்.

மூட்டும் பொருத்தும்

சிப் போர்ட்டின் விளிம்பில் சாதாரண ஸ்குரூ ஆணி நிற்காது. ஒருமுறை பிடிவிட்டால் மீண்டும் இறுகாது. பலகைக்கென்றே வரும் தடித்த, அகன்ற புரியுள்ள ஆணியை, முதலில் துளையிட்டுப் பூட்ட வேண்டும். அல்லது 8 மில்லிமீற்றர் மரமுளைகளைப் பசையோடு இறக்க வேண்டும். மெலமைன் மேற்பரப்பில் வெள்ளைப் பசை பிடிக்காது என்பதையும் ஓடாவிமார் நினைவில் வைக்க வேண்டும். பின்பலகையை வெறும் ஆணியால் அறையாமல் தவாளிப்பில் இறக்கினால் பெட்டி கோணாது.

நம் வீடுகளில் சமையலறைத் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது வழக்கம். ஆகவே பெட்டியின் பக்கப்பலகை தரையைத் தொடக்கூடாது. 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் நிற்க வேண்டும். உள்ளே வெறுமையான சீமெந்துக் கல் சுவரில் மேல் கபட்டை இரண்டு ஆணியில் தொங்கவிடுவது ஆபத்து. நீளத்துக்கு ஒரு சட்டத்தைப் பல இடங்களில் பூட்டி, அதில் பாரத்தை ஏற்றுங்கள். காத்தான்குடி, கல்முனை, பேருவளை போன்ற கரையோர ஊர்களில் முலாம் பூசிய பிணைச்சல்களை உப்புக்காற்று விரைவில் துருவேற்றிவிடும். அங்கே துருப்பிடிக்காத எஃகுப் பிணைச்சலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது.

வர்த்தகர்கள் செய்ய வேண்டியது

“வாடிக்கையாளர் விலையை மட்டும்தானே பார்க்கிறார்?” என்று நம்மவர்கள் கேட்கக்கூடும். அவருக்கு வேறு எதையும் நாம் காட்டாவிட்டால் விலையைத்தான் பார்ப்பார். ‘பென்ட்ரி, இத்தனை அடி, இத்தனை ரூபா’ என்று ஒரே வரியில் கொடுக்கும் கொட்டேசனை நிறுத்துவோம். எந்தப் பெட்டிக்கு எந்தப் பலகை, எத்தனை மில்லிமீற்றர், எவ்வகை மூட்டு, எவ்வகைப் பிணைச்சல் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். வெட்டிய பலகையின் ஒரு துண்டையும் வாடிக்கையாளரிடமே கொடுத்து வைப்போம். இதற்குச் செலவாவது ஒரு தாளும் கால் மணி நேரமும்தான்.

பெரிய காட்சியறைகளோடு விளம்பரத்தில் போட்டியிட எமது சிறு பட்டறைகளால் முடியாது. எழுதிக் கொடுத்ததைச் செய்து கொடுப்பதில் எவரோடும் போட்டியிடலாம்.