அமைத்தவனே முதலில் ஏறுக

விளையாட்டென்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ் சுளிக்கும் பெரியோர் எக்காலத்தும் உளர். பந்தும் மட்டையும் கொண்டு வெயிலில் ஆடுதல் உடலுக்கு நன்றென ஒருவாறு உடன்படும் அவர், கணினியின் முன் அமர்ந்து ஆடும் ஆட்டங்களை வீண்பொழுதென்றே தள்ளுவர். அவற்றுட் பல தள்ளத்தக்கனவே என்பதை யானும் மறுக்கிலேன். ஆயினும் யாவற்றையும் ஒருங்கே ஒதுக்குதல் நடுவுநிலையாகாது. ஈண்டு யான் எடுத்துக்கொண்டது அவற்றுள் ஒருவகை. 'ரோலர் கோஸ்டர்' என்னும் ஏற்றவிறக்க வண்டிகளைத் திரையிலே அமைத்துத் திரையிலே ஓட்டிப்பார்க்கும் ஆட்டங்களும், அவற்றினும் ஒருபடி உயர்ந்த பாவனைப் பொறிகளுமே அவை. இவை மாணாக்கர்க்குப் பெரிதும் பயன்படும் என்பது என் கொள்கை. ஆனால் ஒரு நிபந்தனையின்மேற் பயன்படும். அந்நிபந்தனையைக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் அவ்வண்டியின் இயல்பை அறிதல் வேண்டும். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களில் வண்டியை ஓட்டும் எஞ்சின் இல்லை. சங்கிலியொன்று வண்டித்தொடரை முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துச் சென்று விட்டுவிடும். அதன்பின் அதற்குத் துணை புவியீர்ப்பு ஒன்றே. உச்சியிற் சேர்த்துவைத்த ஆற்றலை இறக்கத்தில் வேகமாக மாற்றியும், அடுத்த மேட்டில் அவ்வேகத்தைச் செலவிட்டு மீண்டும் உயரமாக மாற்றியும், வழிநெடுக உராய்வுக்கும் காற்றுக்கும் வரி செலுத்தியும் அது நிலையம் வந்து சேர்தல் வேண்டும். ஆதலின் பின்வரும் மேடு எதுவும் முதல் மேட்டினும் உயர்ந்திருத்தல் இயலாது. 50 மீட்டர் வீழ்ந்த வண்டி, தடை ஒன்றுமில்லையெனக் கொண்டால், அடிவாரத்தில் மணிக்கு ஏறக்குறைய 113 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும். இக்கணக்கில் எவரும் சலுகை பெறமுடியாது.

இத்தகைய வண்டிகளுக்கு முன்னோர் உருசிய நாட்டுப் பனிச்சறுக்கு மேடுகள். பாரிஸ் மாநகரில் 1817-ஆம் ஆண்டில் சக்கரம் பூண்ட வண்டிகள் தோன்றின. பின்னர் அமெரிக்காவில், நியூயார்க்கைச் சார்ந்த கோனி தீவிலே, 1884-இல் லாமார்கஸ் தாம்ஸன் என்பார் 'ஸ்விட்ச்பேக்' என்னும் பாதையை அமைத்தார். அதில் 5 சென்டு கொடுத்தோர் மணிக்கு 6 மைல் வேகத்திற் சென்று மகிழ்ந்தனர். (இன்று அவ்வேகத்தில் ஒருவர் பக்கத்தில் ஓடியே வந்துவிடலாம்.) தாம்ஸன் சமயப்பற்று மிக்கவர், மதுக்கடைகளிற் பொழுதைக் கழிக்கும் மக்களுக்குக் குற்றமற்ற களிப்பொன்றை அளிக்க விழைந்தார் என்பர். விநோதமெல்லாம் பாவமென எண்ணுவார் இதனைச் சிறிது நினைவுகூர்வாராக.

பதினோராண்டுகள் கழிந்து, 1895-இல், அதே கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்றொரு வண்டி வந்தது. அதன் பாதையில் முழுவட்டமான வளையம் ஒன்று இருந்தது. ஏறியோர் தலைகீழாய்ச் சுழன்று வந்தனர். காண்போர் வியந்தனர், ஏறியோர் கழுத்து நொந்தனர். காரணம் வட்டத்தின் கணக்கிலேயே உளது. உச்சியில் வண்டி கீழே விழாமல் ஒட்டிச்செல்லுதற்கு வேண்டிய மிகக்குறைந்த வேகத்தோடு சென்றாலுங்கூட, அவ்வட்டத்தின் அடியில் நுழையும்போது உள்ளிருப்போன் தன் எடையைப்போல் 6 மடங்கு பாரத்தை உணர்வான். அப்பாரமும் படிப்படியாக வருவதன்று. நேர்ப்பாதை முடிந்து வட்டம் தொடங்கும் அக்கணத்திலேயே முழுமையும் வந்து விழும். ஃபிளிப் ஃபிளாப்பிலோ அது 12 மடங்கு இருந்ததெனக் கணக்கிட்டுரைப்பர். 60 கிலோ எடையுள்ள மாணாக்கன் ஒருவன் அதில் ஏறியிருப்பின், அவன் இருக்கை ஒரு கணம் 720 கிலோவைத் தாங்கியிருக்கும். அவன் கழுத்து எதனைத் தாங்கியிருக்கும் என்பதை உடற்கூறு பயில்வோர் கூறுவாராக.

1901-இல் அங்கேயே அமைந்த நீள்வட்ட வளையம் இக்குறையை ஓரளவு தணித்தது. முற்றத் தீர எண்பதாண்டுகள் சென்றன. 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பெற்ற 'ரெவல்யூஷன்' என்னும் வண்டிக்கு ஜெர்மானியப் பொறியியலறிஞர் வெர்னர் ஸ்டெங்கல் வகுத்த வளையம் கண்ணீர்த்துளி வடிவினது. கீழே அகன்று தொடங்கி உச்சியில் நெருங்கி வளைதலால், வண்டி விரையுமிடத்தில் வளைவு மெல்லிதாயும் தளருமிடத்தில் கடிதாயும் அமைந்து, பாரம் சிறிது சிறிதாக ஏறியிறங்கும். இருப்புப்பாதை வகுப்போர் தம் வளைவுகளிற் கையாண்டு வந்த 'க்ளோத்தாய்டு' என்னும் வளைகோடே இது. 1895-இல் ஏறியோர் தங்கழுத்தைக் கொடுத்துப் பெற்ற பாடத்தை இன்று ஓர் இளைஞன் பாவனைப் பொறியின் முன் ஒரு மாலைப்பொழுதில், ஓருயிர்க்கும் ஊறின்றிக் கற்றுக்கொள்கின்றான். எத்தனை முறை தவறினும் யாதொரு கேடும் விளையாத இடம் ஒன்று கிடைத்ததே இப்பொறிகளின் முதற்பயன்.

இனி ஆட்டங்களைப் பார்ப்போம். அவற்றுட் புகழ்பெற்றது 1999-இல் வெளிவந்த 'ரோலர் கோஸ்டர் டைக்கூன்'. ஸ்காட்லாந்து நாட்டவரான கிறிஸ் சாயர் என்பார் அதன் நிரலை ஏறத்தாழத் தனியொருவராகவே எழுதினார். அதனையும் பொறியின் மொழிக்கு மிக அணித்தான அசெம்பிளி மொழியிலே பெரும்பாலும் எழுதினார். இதனைக் கேட்டு வியவாத கணினித்துறை நண்பர் எவரையும் யான் கண்டிலேன். அதில் ஆடுவோன் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்கு உரிமையாளன். கையிலுள்ள பொருளைக்கொண்டு நடைபாதை இட்டு, கடை வைத்து, வண்டிகளை அமைப்பான். ஒவ்வொரு வண்டிக்கும் களிப்பு, கடுமை, குமட்டல் என மூன்று அளவைகள் உண்டு. கடுமை மிக்கதாயின் வந்தோர் ஏறாமலே திரும்பிப் போவர். வண்டியை ஒருமுறை சோதனையாக ஓட்டிப்பார்த்தாலன்றி அவ்வளவைகள் தோன்றா. எதுகையும் மோனையும் நிறைந்திருப்பினும் தளை தட்டின் வெண்பா வெண்பாவாகாமை போல, வடிவழகு எத்துணை இருப்பினும் இரண்டாம் மேடேறாமல் நின்றுவிடும் வண்டி வண்டியாகாது. யாப்பிலக்கணம் பயில்வார்க்கு இக்கட்டுப்பாடு இனிக்கும்.

இத்துணை நலம் வாய்ந்த ஆட்டத்தில் யான் காணும் குறை யாதெனின், ஆடுவோன் நிற்குமிடமே. அவன் எப்பொழுதும் மேலே நின்று கீழே நோக்குகின்றான். மாந்தர் அவனுக்கு எறும்பளவினர். அவ்வுயரத்தினின்று நோக்குவார்க்கு என்னென்ன தோன்றுகின்றன பாருங்கள். இங்கிலாந்தின் புல்ஃபிராக் நிறுவனத்தார் 1994-இல் வெளியிட்ட 'தீம் பார்க்' என்னும் ஆட்டத்தில், உருளைக்கிழங்கு வறுவலில் உப்பை மிகுத்தால் தின்றோர்க்குத் தாகம் மிகும். பானக்கடையில் வருவாய் பெருகும். சாயரின் ஆட்டத்தில் மழை பெய்யும்போது குடையின் விலையை ஏற்றலாம். கழிப்பிடத்திற்கும் கட்டணம் விதிக்கலாம். வந்தோருள் ஒருவனைக் குறடுபோன்ற கருவியாற் பற்றித் தூக்கி நீரில் விடின், அவன் மூழ்கி இறப்பான். வண்டி நொறுங்கிப் பலர் மாண்டால் பூங்காவின் மதிப்பெண் குறையும். அதனை இடித்துவிட்டு வேறொன்று கட்டினால் கணக்குத் தீர்ந்தது. அழுவார் ஒருவருமிலர்.

திரைப்பதுமைக்கு உயிருண்டோ என வினவுவார்க்கு, இல்லையென்பதே விடை. பதுமைக்காக யான் இரங்கவில்லை. அவ்வாறு நோக்கிப் பழகும் கண்ணுக்காகவே அஞ்சுகின்றேன். இன்று நம்முடன் பயில்வோருள் நாளை பாலம் கட்டுவோர் இருப்பர். பேருந்துகளுக்குக் கால அட்டவணை வகுப்போர் இருப்பர். மருத்துவமனைக்கு வரிசை முறை ஏற்படுத்துவோர் இருப்பர். தாம் நடவாத பாலத்தையும், தாம் காத்திராத நிலையத்தையும், தாம் நில்லாத வரிசையையும் பிறர்க்கென வகுக்கும் வேலை அவர்க்கு வரும். அப்பொழுது உயரத்தினின்று நோக்கும் கண் ஒன்றே அவர்க்கு இருப்பின், உப்பைக் கூட்டும் எண்ணம் எளிதில் எழும்.

இதற்கு மாற்றும் அவ்வாட்டங்களிடத்தேயே உளது. டிஸ்னி நிறுவனத்தார் 1993-இலேயே வெளியிட்ட 'கோஸ்டர்' என்னும் ஆட்டத்தில், அமைத்தவன் தன் வண்டியிலேயே ஏறிச்செல்லும் காட்சி உண்டு. சாயரின் ஆட்டத்திற்கு மூன்றாவதாக 2004-இல் ஃபிரான்டியர் நிறுவனத்தார் இயற்றிய வழிநூலில் அவ்வசதி வந்தது. அந்நிறுவனத்தாரே 2016-இல் இயற்றிய 'பிளானட் கோஸ்டர்' அதனை மேலும் அழகுபடுத்தியது. ஆயினும் என் உள்ளங் கவர்ந்தது, ஜெர்மனியின் ஓலே லாங்கே என்பார் 2001-இல் வெளியிட்ட 'நோலிமிட்ஸ்' என்னும் பாவனைப் பொறியே. அதில் உப்புமில்லை, குடையுமில்லை, வருவாய்க் கணக்குமில்லை. பாதையும் இருக்கையுமே உள. பாதையின் ஒவ்வோரிடத்தும் ஏறியிருப்போன் உடல் எவ்வளவு பாரந்தாங்கும் என்பதை எண்ணாலும் நிறத்தாலும் அது காட்டும். இரண்டாம் பதிப்பு 2014-இல் வந்தது. மெய்யான ரோலர் கோஸ்டர்களைக் கட்டும் நிறுவனத்தாரும் இதனைக் கையாளுகின்றனர்.

இருக்கையினின்று நோக்குதல் வெறும் இரக்கவுணர்ச்சி அன்று. பொறியியலையே அது திருத்தியிருக்கின்றது. வண்டி பக்கவாட்டில் உருளும்போது தண்டவாளத்தையே அச்சாகக் கொண்டு உருட்டினால், ஏறியிருப்போன் தலை பெருவீச்சாக வீசப்படும். அவன் நெஞ்சை அச்சாகக் கொண்டு, தண்டவாளம் அதனைச் சுற்றிவருமாறு வளைத்தால், உடல் அமைதியாகச் சுழலும். இம்முறையும் ஸ்டெங்கல் பெயரோடு சேர்த்தே கூறப்படுகின்றது. ஆங்கிலத்தில் இதனை 'ஹார்ட்லைன்' என்பர். 'நெஞ்சக்கோடு' என யான் மொழிபெயர்த்து வைத்துள்ளேன். இரும்பை வளைக்கும் கணக்கு ஒரு மனிதன் நெஞ்சிலிருந்து தொடங்குகின்றது! மனுஷாவதாரத்தை நம்பும் சபையில் வளர்ந்தோர்க்கு, ஆக்கியோன் தன் ஆக்கத்தினுள் இறங்கிவந்து அமர்தல் புதிய செய்தியன்று.

ஆனால், நாற்காலியிலிருந்து திரையைப் பார்ப்பவன் உண்மையில் ஏறினவனாவானோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். ஆகான், தடை நியாயமானதே. திரை 5 மடங்கு எனக் காட்டும். ஒரு விரலும் கனப்பதில்லை. மெய்நிகர்க் காட்சிக்கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டாலோ, கண் 'வீழ்கின்றேன்' என்னும். செவியினுள்ளிருக்கும் சமநிலையுறுப்பு 'அசைந்திலேன்' என்னும். இவ்விரண்டின் பூசலில் வயிறு கலங்கும். ஜெர்மனியின் யூரோப்பா பார்க்கில் 2015-இல், 'ஆல்பென் எக்ஸ்பிரஸ்' என்னும் மெய்யான வண்டியில் ஏறுவோர்க்கே அக்கருவியை அணிவித்து ஓட்டினர். அங்கே பாரம் மெய், காட்சி பொய். வீட்டிலிருந்து ஆடுவோர்க்கு இரண்டும் பொய். பாவனையின் எல்லை இது. இவ்வெல்லையை அறிந்தே அதனைப் பயிலுதல் வேண்டும்.

எண்ணறிவு ஒன்றே போதுமென்பார்க்குப் பிறிதொன்று காட்டுவேன். லண்டனிலுள்ள ராயல் கலைக்கல்லூரியில், லித்துவேனிய நாட்டுக் கலைஞர் யூலியோனாஸ் உர்போனாஸ் 2010-இல் ஒரு வண்டியைக் கருத்தளவில் வரைந்தார். ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்தினின்று வீழ்ந்து, வரவரச் சிறுக்கும் ஏழு வளையங்களிற் சுழன்று, ஏறியோர்க்கு ஒரு நிமிடநேரம் 10 மடங்கு பாரத்தை அளித்து, மூளைக்குக் குருதி எட்டாமற் செய்து உயிரைப் போக்கும் வண்டி அது. எவரும் அதனைக் கட்டவில்லை. சிந்தனையைத் தூண்டும் கலைப்பொருளாகவே அவர் அதனைக் காட்டினார். அதனைக் கட்டாதிருத்தலே நன்று என்பேன். ஃபிளிப் ஃபிளாப்பைத் திருத்தியதும் இக்கொலைவண்டியை வகுத்ததும் ஒரே கணிதம் என்பதை ஈண்டு நோக்குக. ஏறுவோன் உயிரோடு இறங்குவானா என்று சூத்திரம் கேளாது. அதனை வகுப்போன் கேட்க வேண்டும்.

கணினிக்கூடங்களில் விளையாட்டுக்கள் யாவும் விலக்கென எழுதி ஒட்டியிருத்தலைக் காண்கின்றோம். அவ்விலக்கை அடியோடு நீக்குமாறு யான் கேட்கவில்லை. இயற்பியல் துறையாரும் கணினித்துறையாரும் கூடி, வாரத்தில் ஒருமணி நேரம் இப்பாவனைப் பொறிக்கு ஒதுக்குவாராயின் நலமாகும். முதலாண்டு மாணாக்கர் இருவரிருவராக அமர்ந்து, முதல்வாரம் முழுவட்ட வளையத்தையும், மறுவாரம் கண்ணீர்த்துளி வளையத்தையும் அமைத்து, எண்களை ஒப்பிட்டு எழுதலாம். தாம் அமைத்த வண்டியின் முதல் இருக்கையிலும் கடைசி இருக்கையிலும் இருந்து பார்த்தார்க்கே மதிப்பெண் வழங்குதல் வேண்டும். கடைசியில் இருப்போனே உச்சியினின்று மிக விரைவாக இழுக்கப்படுவான் என்பது ஏறிப்பார்த்தாலன்றிப் பலர்க்கு விளங்காது. ஆசிரியப் பெருமக்கள் இதற்கு இசைவாராயின், தமிழ்த்துறையினின்று ஒருவன் அவ்வகுப்பின் பின்வரிசையில் அமர்தற்கும் இடமளிக்குமாறு வேண்டுகின்றேன். 'நெஞ்சக்கோடு' என்னும் சொல் பொருந்துமா, வேறொன்று வேண்டுமா என்பதை அங்கிருப்போரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.