அபராதம் வாங்கும் கையும் லத்தி பிடித்த கையும்

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறைகூடக் காவல் நிலையத்தின் படியேறுவதில்லை. படியேறாமல் வாழ்ந்து முடிப்பதையே குடும்ப மானமாக நினைப்பவர்கள் நாம். ஆனால், இருசக்கர வாகனம் ஓட்டும் எவரும் சாலையில் கைகாட்டி நிறுத்தப்படாமல் இருந்ததில்லை. பேரிகார்டை ஒட்டி ஏட்டு நிற்பார். சற்றுத் தள்ளி, ஜீப்பருகே சலான் கருவியோடு சப்-இன்ஸ்பெக்டர் நிற்பார். சாதாரண மனிதர் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். அந்த ஐந்து நிமிடத்தில் தன்னிடம் எப்படிப் பேசினார்கள் என்பதை வைத்தே, இந்த அரசு தன்னுடையதா இல்லையா என்று அவர் முடிவுக்கு வருகிறார்.

வாகனத் தணிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தமிழகச் சாலைகளில் ஆண்டுக்கு 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்திருக்கிறார்கள். இவர்களில் பெரும்பகுதியினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின்னால் இருந்ததும் இந்தச் சாவுகள்தான். குடித்துவிட்டு ஓட்டுபவரை நிறுத்தும் ஒவ்வொரு காவலரும் முன்பின் அறியாத யாரோ ஒருவரின் உயிரைக் காப்பாற்றுகிறார். உயிர் காக்கும் இந்த வேலை எப்படி அடிக்கடி உயிர் போகும் வேலையாக மாறுகிறது என்பதே நம் கவலை.

2018 ஜனவரியில் சென்னை தரமணி அருகே, சீட் பெல்ட் அணியவில்லை என்று நிறுத்தப்பட்ட வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், காவலர்கள் தன்னைத் திட்டி அடித்ததாகச் சொல்லி நடுச்சாலையில் தீக்குளித்து இறந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம், திருச்சி துவாக்குடி அருகே, தலைக்கவசத் தணிக்கையில் நிற்காமல் சென்ற தம்பதியை இன்ஸ்பெக்டர் ஒருவர் விரட்டிச் சென்று வண்டியை உதைத்தார். கீழே விழுந்த மனைவி இறந்தார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். இறுதியில் அந்தக் கூட்டத்தின் மேலும் தடியடி நடந்தது. 2021 ஜூனில், ஊரடங்கின்போது, சேலம் மாவட்டச் சோதனைச் சாவடி ஒன்றில், மதுக்கடை திறந்திருந்த அடுத்த மாவட்டத்துக்குப் போய்த் திரும்பிய வியாபாரி ஒருவர் காவலர்களோடு வாக்குவாதத்தில் ஈடுபட்டார். சிறப்பு உதவி ஆய்வாளர் அவரை லத்தியால் அடிப்பதைக் கைபேசிக் காணொளியில் நாடே பார்த்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. சீட் பெல்ட், தலைக்கவசம், ஊரடங்கு விதி என இந்த மூவர் விஷயத்திலும் சட்டம் கேட்டிருக்கக்கூடியது அதிகபட்சம் அபராதமும் ஒரு வழக்கும்தான்.

மறுபக்கத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் இரவுப் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 பிப்ரவரியில் ஏரலில், குடிபோதைக்காகத் தன்னைக் கண்டித்த உதவி ஆய்வாளரைச் சரக்கு வாகனத்தை ஏற்றிக் கொன்றார் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில் கரூரில், வாகனத் தணிக்கையில் நின்றிருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் வேன் மோதி இறந்தார். எதிரே வரும் வண்டி நிற்குமா, மேலே ஏறுமா என்று தெரியாமல் சாலை நடுவில் கை நீட்டி நிற்பவர்கள் இவர்கள். புழுதியிலும் வெயிலிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். தமிழகக் காவலர்களுக்கு வார விடுப்பு என்பதே 2021-ல்தான் அரசாணையாக வந்தது. சாலையோரத்தில் சந்திக்கிற இருவருமே பயந்தவர்கள். ஆனால் ஒருவர் கையில் மட்டும்தான் லத்தி இருக்கிறது.

அந்த லத்திக்கு ஒரு வரலாறு உண்டு. 1854-ல் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதை பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855-ல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஆணையத்துக்கு வந்த முறையீடுகள் 1,900-க்கும் மேல். பலர் வெகுதொலைவிலிருந்து வந்து சொன்னார்கள். விரல்களைக் கிட்டியில் இறுக்கியது, முதுகு வளையக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைத்தது என்று அவர்கள் சொன்ன கொடுமைகளைப் படித்துவிட்டு, 1857-ல் கார்ல் மார்க்ஸ் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

அந்த அறிக்கையில் இன்றும் நாம் எடுத்துப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அன்று தாசில்தாரின் ஆட்களே நிலவரியையும் வசூலித்தார்கள், காவல் வேலையையும் பார்த்தார்கள். பணம் கேட்டு வந்தவனே அடிக்கவும் அதிகாரம் உள்ளவனாக இருந்தான். அடிபட்ட குடியானவன் முறையிட வேண்டும் என்றால், போக வேண்டிய கச்சேரியும் அதே ஆட்களின் கச்சேரிதான். வருவாயையும் காவலையும் பிரிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அரசு வந்தது. 1859-ன் சென்னை காவல் சட்டம் அப்படிப் பிறந்தது. தனிச் சீருடையும் தனி அதிகாரப் படிநிலையும் கொண்ட காவல் துறை உருவானது. இரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான 1861-ன் காவல் சட்டம் வந்தது.

பிரித்ததோடு கதை முடிந்துவிடவில்லை. புதிய படைக்கு அயர்லாந்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த காவல் படையே முன்மாதிரியாக இருந்தது. அடக்கி ஆளப்பட்ட நாட்டுக்காக வார்க்கப்பட்ட அச்சு அது. மக்களுக்குப் பதில் சொல்லும் கடமை அந்த அமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. 1902-03-ல் ஆராய்ந்த ஃபிரேசர் ஆணையமே, இந்தியக் காவல் துறை ஊழல் மிகுந்தது, கொடுமையானது என்று மக்கள் கருதுவதாகவும், அவர்களுடைய நம்பிக்கையைப் பெற அது முற்றாகத் தவறிவிட்டதாகவும் எழுதியது. எழுதியவர்கள் ஆட்சியாளர்களின் ஆட்களே.

மோட்டார் வாகனம் வந்தபோது இந்தக் காவல் துறைக்கு ஒரு புது வேலை சேர்ந்தது. 1914-ல் முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டபோது கார் வைத்திருந்தவர்கள் துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும். காவலர் அவர்களைப் பார்த்தால் சல்யூட் அடிப்பார். 1939-ல் ஒரு சட்டம், 1988-ல் இன்னொரு சட்டம் என்று வருவதற்குள் சாலையில் போகும் ஆட்கள் மாறிவிட்டார்கள். இன்று பேரிகார்டு முன்னால் நிற்பவர் தவணைக் கடனில் வண்டி வாங்கிய கொத்தனார், உணவு கொண்டுபோகும் இளைஞர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெண். சல்யூட் கொடிகட்டிய காருக்கு மட்டும் மிச்சமிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒருமைப் பேச்சு. தன் அப்பா வயதுக்காரரை "நீ, வா, போ" என்று பேசுவதும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து சாவியைப் பிடுங்குவதும் இவர்களுக்குத்தான் நடக்கிறது.

சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. ஆவணத்தைப் பிடித்துவைக்க 206, வண்டியைப் பிடித்துவைக்க 207 என்று நிபந்தனைகளோடு பிரிவுகள் உண்டு. சாவியைப் பிடுங்குவதற்கென்று ஒரு பிரிவு அதில் இல்லை. தலைக்கவசம் அணியாததற்காக மட்டும் ஒருவரைக் கைது செய்யவும் அது இடம் தரவில்லை. உதைக்க எந்தச் சட்டமும் எவருக்கும் அதிகாரம் தந்ததில்லை.

அப்படியானால் தகராறு எங்கே தொடங்குகிறது? 1859-ல் பிரித்த இரண்டு கைகளை நாம் சாலையோரத்தில் மறுபடியும் ஒட்டிவிட்டோம். நிறுத்துகிறவரே குற்றத்தை முடிவு செய்கிறார், அவரே தொகையைச் சொல்கிறார், அங்கேயே வசூலிக்கிறார், மறுத்துப் பேசினால் அவர் கையிலேயே லத்தியும் இருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் உயர்ந்தபோது, தலைக்கவசம் அணியாததற்கான 100 ரூபாய் 1,000 ரூபாயானது. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம், சிலருக்கு அதற்கும் மேல். தன் சம்பளம் கைவிட்டுப் போகும் இடத்தில் மனிதன் கெஞ்சுவான், ஓடுவான் அல்லது சீறுவான். காவலருக்கோ இன்று இத்தனை வழக்கு காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி இருப்பதாக மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஒன்றே போதும், எதிரில் நிற்பவர் பாதுகாப்புக்காக நிறுத்தவில்லை, பணத்துக்காக நிறுத்துகிறார் என்று நினைக்க.

குடிமக்களாகிய நம் நடத்தையும் சுத்தமானதல்ல. வண்டியை நிறுத்தியதும் உரிமத்தை எடுப்பதற்கு முன் கைபேசியை எடுத்துக் கவுன்சிலரை அழைப்பவர்கள் நாம். வீட்டில் ஒருவர் ஏதோ ஒரு துறையில் வேலை பார்த்தால் வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். தனியார் வாகனங்களில் இப்படித் துறைப் பெயர்களை ஒட்டக் கூடாது என்று 2024-ல் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை போனது. அதே ஆண்டு அக்டோபரில், மெரினா லூப் சாலையில் நள்ளிரவில் காரை எடுக்கச் சொன்ன காவலர்களை, பெரிய இடத்துப் பெயரைச் சொல்லி மிரட்டி, காது கூசும் வார்த்தைகளால் திட்டிய இருவரின் காணொளி பரவியது. அந்தக் காவலர்கள் அன்று கை ஓங்கவில்லை. பொறுமையாக நின்றார்கள், பிறகு வழக்குப் பதிவு செய்தார்கள். அதைப் பாராட்டி நாம் போதுமான அளவு எழுதவில்லை.

செல்வாக்கு உள்ளவர் மிரட்டுகிறார், இல்லாதவர் தப்பி ஓடுகிறார். பார்க்க எதிரெதிரானவர்கள் போலத் தெரிந்தாலும் இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: இங்கே முடிவு செய்யப்போவது சட்டம் இல்லை, ஆள்தான். இந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1965 ஆகஸ்ட் 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில், குடித்துவிட்டு ஓட்டியதாகக் கறுப்பின இளைஞர் ஒருவரை நிறுத்தியபோது மூண்ட தகராறு ஆறு நாள் கலவரமாகி 34 பேர் இறந்தார்கள். அந்த ஒரு நிறுத்தம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அதற்கு முன் அந்த மக்களை நிறுத்திய ஒவ்வொரு முறையும் அதற்குள் இருந்தது. துவாக்குடியில் சாலையை மறித்த கூட்டத்துக்குள்ளும் அப்படித்தான்.

சரிசெய்யும் வழிகளும் கண்ணெதிரே இருக்கின்றன. 2018-ல் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை ரொக்கம் வாங்குவதை நிறுத்தி இ-சலானுக்கு மாறியது. சாலையோரப் பேரத்தில் பாதி அதோடு குறைந்தது என்பதை வண்டி ஓட்டுகிறவர்கள் அறிவார்கள். மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது என்ற மத்திய விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருக்கிறது என்பதற்காக நடந்த சண்டைகளுக்கு இனி வேலையில்லை. சிக்னலில் உள்ள கேமரா யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை, யாருடைய தொலைபேசி அழைப்புக்கும் விட்டுக்கொடுப்பதும் இல்லை. பணம் வாங்கும் கை எங்கெல்லாம் சாலையோரத்தை விட்டு விலகியதோ அங்கெல்லாம் குரல் தாழ்ந்திருக்கிறது.

இன்னும் மாறாமல் இருப்பது முறையிடும் இடம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்கள் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஆணையங்கள் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைமையில் வைத்தது. காவல் உயரதிகாரிகளே உறுப்பினர்கள். அடித்தவரின் மேலதிகாரியிடமே அடிபட்டவர் முறையிட வேண்டும் என்ற 1855-ன் நிலைமைக்கு இது வெகுதொலைவில் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. ஓடும் வண்டியைத் தலைக்கவசத்துக்காகத் துரத்துவதை எழுத்துபூர்வமாகத் தடை செய்ய வேண்டும். எண் பலகையைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குச் சலான் அனுப்பினால் போதும். நிறுத்தும் காவலர் வணக்கம் சொல்லி, எந்த விதிமீறலுக்காக நிறுத்தினார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். தணிக்கையில் நிற்பவர்களுக்கு உடல் கேமராவும், எட்டு மணி நேரத்துக்கு மிகாத பணியும், வாய்ச்சண்டையைத் தணிக்கும் பயிற்சியும் தர வேண்டும். புகார் ஆணையத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நீதிபதிகளை அமர்த்த வேண்டும். நாமும் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம், கேட்டதைக் காட்டுவோம், யார் பெயரையும் இழுக்காமல் இருப்போம், சலான் தவறென்றால் நீதிமன்றத்தில் மறுப்போம்.

இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அதிகாரமும் சீருடையும் பயிற்சியும் யாரிடம் இருக்கின்றனவோ, முதலில் அமைதி காக்கும் கடமையும் அவருக்கே உரியது. கோபம் வந்த குடிமகன் ஒரு மனிதராகத் தவறுகிறார். கோபம் வந்த காவலர் கை ஓங்கும்போது தவறுவது அரசு. அந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டு விதியாக எழுதி, மீறியவரைத் தண்டிக்கும் அரசு வரும்போதுதான் 1859-ல் தொடங்கிய வேலை முடிவுக்கு வரும்.