கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்புங்கள்

பி.எட். கல்லூரிகளில் இப்போது எல்லாம் வீடியோதான். பாடம் நடத்துவதைப் படம்பிடி, பவர்பாயின்ட் போடு, யூடியூப் இணைப்பை அனுப்பு, மதிப்பெண் வாங்கு. ஸ்மார்ட் வகுப்பறைக்கு ஆசிரியர்களைத் தயார் செய்கிறார்களாம். செய்யட்டும். கருவிகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. அந்தக் கேமரா யாரைப் பார்க்கிறது என்றுதான் கேட்கிறோம்.

மதிப்பீட்டுத் தாள் ஒன்றைப் பார்த்தோம். குரல், உச்சரிப்பு, கரும்பலகைக் கையெழுத்து, ஸ்லைடின் அழகு. எல்லாமே நிற்பவரைப் பற்றியவை. உட்கார்ந்திருப்பவர்களில் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், யாருக்கு 'ஏய்' மட்டும் கிடைத்தது, எந்த பெஞ்சுக்கு ஒரு கேள்விகூடப் போகவில்லை என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. கழிப்பறை கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பது எந்த ஸ்லைடிலும் வராது.

உச்சரிப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியான எங்கள் சேரித் தங்கை ஒருத்தி, ஒற்றை அறை வீட்டில், இரவல் செல்போனில் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். "பின்னணி சரியில்லை, பேச்சு கொச்சையாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாடத்தில் பிழை என்று ஒரு சொல் இல்லை. பூசாத சுவருக்கும் சேரித் தமிழுக்கும்தான் மதிப்பெண் குறைந்தது.

2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளியில் பயிற்சி. சாதியைக் கண்ணால் பார்த்துப் பழக அது போதாதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னது. கல்லூரிகளோ ஸ்லைடுக்கு நிறம் தேடுகின்றன.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. பெற்றோரிடம் அனுமதி வாங்கி, ஒரே ஒரு பாடவேளையில் கேமராவைப் பிள்ளைகள் பக்கம் வையுங்கள். பிறகு பாடம் நடத்தியவரையே உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள்: எத்தனை கேள்வி, யாரிடம், தப்பாகச் சொன்ன எந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு? எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகளின் முகம் யாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் போகக் கூடாது. பதிவு செய்யும் கருவியைக் கல்லூரியே தர வேண்டும், அதைக் கல்லூரி வளாகத்திலேயே செய்ய வேண்டும். உச்சரிப்புக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணை எடுத்து இந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.