சொல்லற்ற நோவு

பல்லில் வலி கண்டால் நாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகின்றோம். நம் நோவை எடுத்துரைக்க நமக்குச் சொல் உண்டு. சொல்லற்றவன் யாது செய்வான்?

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் முப்பது பிராயமுடைய ஒருவர் உளர். பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு உடையவர்; பேச்சு வாராது. சென்ற கார்த்திகை மழையின்போது அவர் திடீரெனத் தம் வலக் காதோரத்தைக் கையால் அறைந்துகொள்ளத் தொடங்கினார். 'வெறி மிகுந்துவிட்டது' என்றனர் அயலார். அவர் கைகளைத் துண்டினாற் கட்டினோம். அத்துண்டைப் பிடித்தவருள் யானும் ஒருவன். பன்னிரண்டு நாள் கழித்துக் காதிற் சீழ் வடிந்தபோதுதான் காரணம் விளங்கிற்று. மருந்திட்டபின் அறைதலும் அடங்கிற்று.

இத்தகையோர் தம்மைத்தாமே அடித்தும் கடித்தும் வருத்திக்கொள்ளுதற்குச் சலிப்பு, அச்சம், பிறர் கவனத்தை வேண்டுதல் முதலிய காரணங்களும் உள. எனினும் முதற்கண் ஆராயத்தக்கது உடலே. சொத்தைப் பல், காதுநோய், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தலைநோவு, பெண்டிர்க்கு மாதவிடாய் நோவு, உறக்கமின்மை, உண்ணும் மருந்தின் தீங்கு என்னும் இவற்றுள் ஒன்று மறைந்திருத்தல் கூடும். முன்னில்லாத பழக்கம் திடீரெனத் தோன்றினும், ஒரே இடத்தை அடித்துக்கொள்ளினும், உணவுக்குப்பின் மிகினும் இவ்வையம் வலுப்பெறும்.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெஷ் என்னும் மருத்துவ மாணவரும் அவர்தம் ஆசிரியர் நைஹனும், உடலில் யூரிக் அமிலம் மிகும் பிறவிநோய் ஒன்றை விவரித்தனர். அந்நோயுற்றோர் தம் உதட்டையும் விரலையும் கடித்துக்கொள்வர். வலியுணர்ந்து கதறியும் நிறுத்த இயலார். தம் கையைக் கட்டுமாறு தாமே வேண்டுவோரும் உளர். இதனைக் குணக்கேடென்று எங்ஙனம் கூறுவது?

ஆதலின் தடுத்தல் எஞ்ஞான்றும் தகாது என்பேனல்லேன். உயிருக்கோ கண்ணுக்கோ ஊறு நேருங்கால் கையைத் தடுத்தல் கடனே. காரணம் நாடாமற் கட்டிவைத்து, அதனையே மருந்தெனக் கொள்ளுதல் பெரும்பிழை. அப்பிழை எத்துணைக் கொடிதாகும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்டு 6-இல் அங்கே ஒரு விடுதியில் சங்கிலியாற் பிணிப்புண்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர்.

நம் ஊரில் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பெற்றது.  இத்தகையோரை அங்கு அழைத்துச் செல்வோர், பல்லையும் காதையும் வயிற்றையும் முதலிற் பார்க்குமாறு வேண்டுக. நாமும், 'இவன் ஏன் இவ்வாறு செய்கின்றான்?' என்று வினவுமுன், 'இவனுக்கு எங்கே நோகின்றது?' என்று வினவக் கற்போமாக.