தலமரமும் மாநிலப் பழமும்

ஒரு மாநிலம் தனக்கென ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பது அண்மைக்கால வழக்கம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று கேரள சட்டப்பேரவையில், பலா அம்மாநிலத்தின் பழமாக அறிவிக்கப்பட்டது. கொல்லைதோறும் காய்த்தும் உண்பாரின்றி உதிர்ந்து வீணாகும் பழத்துக்கு மதிப்புத் தேடித் தருவதே அதன் நோக்கம். நம் தமிழ்நாட்டின் மாநிலப் பழமும் முக்கனிகளுள் ஒன்றான பலாவே.

அரசுகள் அறிவிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பலாவைத் தேர்ந்தெடுத்த தலம் ஒன்று உண்டு. அது திருக்குற்றாலம். அங்கே தலமரம் குறும்பலா. வேதமே பலா வடிவில் நின்றது என்பது தல வரலாறு. ஏழாம் நூற்றாண்டில் அங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர், குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் அருளினார். தலமரத்தின் பெயராலேயே ஒரு பதிகம் அமைவது எத்தகைய பேறு!

பலாவின் தொண்டு கனியோடு முடிவதில்லை. வீணையின் குடமும் மிருதங்கத்தின் உடலும் பலா மரத்தில் கடைந்தவையே. வாழுங்காலத்தில் நைவேத்தியமாகவும், வாழ்ந்து முடிந்தபின் நாதமாகவும் இறைவன் சந்நிதியை அடைகிறது அம்மரம்.

அத்தகைய மரத்தை நாம் எவ்வாறு போற்றுகிறோம்? அண்மையில் ஒரு சிற்றூர்க் கோயிலில் தலமரமாக நிற்கும் பலாவை வலம் வந்தேன். அடிமரம்வரை சிமெண்டுத் தளம். மழைநீர் வேருக்கு இறங்க ஒரு சாண் மண்ணும் இல்லை. அடியில் ஏற்றிய விளக்குகளால் பட்டை கருகியிருந்தது. கிளைகளை இறுக்கிய கயிறுகள் மரத்தையே அறுத்துக்கொண்டிருந்தன. அங்கே பக்தி குறைவில்லை. மரம் உயிருள்ளது என்னும் நினைவே குறைந்திருந்தது. உடன் வந்த முதியவர், “தளம் போட்டதிலிருந்து காய்ப்பு நின்றுவிட்டது ஐயா” என்றார்.

ஒன்றைச் சின்னமாகத் தேர்ந்தெடுப்பது எளிது. அதைப் பேணுவதே வழிபாடு. அன்பர்களே, அடுத்த முறை தலமரத்தை வலம் வருகையில் விளக்கைச் சற்றுத் தள்ளி ஏற்றுங்கள்; ஒரு குடம் நீர் வாருங்கள். தளத்தைப் பெயர்த்து வேருக்கு மண் காட்டுமாறு கோயில் பொறுப்பாளரிடம் பணிவோடு கூறுங்கள். இயன்றோர் பிள்ளைகளின் கையால் ஒரு பலாக்கொட்டையை ஊன்றச் செய்யுங்கள். அது கனிதரச் சில ஆண்டுகள் ஆகும். அதன் முதற்கனியைச் சுவாமிக்குப் படைக்கும் பேறு அப்பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும்.