நட்சத்திரத்தை விடுத்து எச்சரிக்கைக் குறியைத் தெரிக

பெறுநர்:
முதன்மைச் செயல் அலுவலர்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

பொட்டல உணவின் முன்பக்கத்தில் ஊட்டச்சத்துக் குறியீடு எவ்வடிவில் அமைதல் வேண்டும் என்பதை ஆணையம் முடிவு செய்யுமுன், தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் திருத்தணி போன்ற எல்லையூர்களின் நிலையையும் கருத்திற் கொள்ள வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூருக்கு ஆடிக் கிருத்திகையின்போது ஆந்திரத்திலிருந்தும் அடியார்கள் திரள்கின்றனர். ஆயினும், ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி உறையில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தாலே போதுமாதலால், மலையடிவாரத்தில் மிக்சர் வாங்குவோர் பலருக்குப் பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணை பயன்படுவதில்லை.

படிக்க இயன்றவருக்கும் அவ்வட்டவணை கணக்குப் போடும் வேலையையே வைக்கிறது. உப்பின் கூறாகிய சோடியம் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம், அதாவது உப்பாக 5 கிராம், என்பது ஆணையம் கொண்டுள்ள அளவு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் உள்ள தின்பண்டத்தில் 50 கிராம் உண்பவர் அவ்வளவில் ஐந்திலொரு பங்கைப் பெற்றுவிடுகிறார் என்பதைக் கடைவாசலில் நின்று கணிப்பவர் அரியர்.

ஆணையத்தின் 2022 செப்டம்பர் வரைவு முன்மொழிந்த நட்சத்திர மதிப்பீடு, அரை முதல் ஐந்து நட்சத்திரம் வரை உணவைத் தரப்படுத்துவது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றுக்குரிய குறைமதிப்பெண்களை நார்ச்சத்து, புரதம் போன்றவற்றின் நன்மதிப்பெண்கள் ஈடுசெய்ய அது இடமளிப்பதால், இரத்த அழுத்தமுள்ளவர் அறிய வேண்டிய உப்பின் மிகுதி கூட்டுத்தொகைக்குள் மறைந்துபோகிறது. இலங்கை 2016இல் இனிப்புப் பானங்களுக்கு விதித்த நிறக்குறி, 100 மில்லிலிட்டரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சர்க்கரையைச் சிவப்பால் உணர்த்துகிறது. அதே ஆண்டு சிலி நாடு நடைமுறைப்படுத்திய கருநிற எண்கோணம், மிகுந்துள்ள கூறு ஒவ்வொன்றையும் தனித்தனியே சுட்டுகிறது. சைவ உணவுக்குரிய பச்சை வட்டத்தை எம்மொழியினரும் அறிந்துகொள்ளும் இந்நாட்டில் இத்தகைய குறி புதுமையாகாது.

ஊறுகாயும் அப்பளமும் இக்குறியால் பழிக்கப்படும் என்னும் மறுப்பு எழலாம். எச்சரிக்கை என்பது தடையன்று என்பதோடு, சிறிதளவே தொட்டுக்கொள்ளும் உணவிலும் உப்பு மிகுதி என்பது உண்மையே. இயற்கையாகவே கொழுப்போ சர்க்கரையோ உடைய பொருள்களைக் காக்க வேண்டுமெனில், அவை சேர்க்கப்பட்ட உணவுகளுக்கு மட்டும் குறியை விதிக்கும் சிலியின் வழி உள்ளது.

ஆதலின், மிகுந்த சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி எச்சரிக்கைக் குறி விதிக்கப்படல் வேண்டும். அதனுடன் விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலும் ஒரு சொல் இடம்பெறல் வேண்டும். ஊட்டச்சத்து விவரத்திலிருந்து விலக்குப் பெற்றுள்ள, 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பரப்புடைய சிறு பொட்டலங்களுக்கும் அக்குறி பொருந்த வேண்டும். வரைவு தந்த நான்காண்டு விருப்ப நடைமுறையைக் கைவிட்டு, உறைகளை மாற்றுதற்கு வேண்டிய கால அவகாசத்தோடு தொடக்கத்திலேயே எச்சரிக்கைக் குறியைக் கட்டாயமாக்குதல் வேண்டும்.

இங்ஙனம்,
திருத்தணி வாழ் நுகர்வோர் ஒருவர்