தொழில் தொடங்க முதல் எங்கிருந்து வரும்?

வேலை தேடி அலைய வேண்டாம், வேலை கொடுப்பவராக மாறுங்கள் என்று ஒன்றிய ஆட்சியாளர்கள் இளைஞர்களுக்கு ஓயாமல் அறிவுரை கூறி வருகிறார்கள். அரசுப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் காலத்தில் இந்த அறிவுரை அவர்களுக்கு மிகவும் வசதியானது. தொழில் தொடங்கப் பணத்திற்கு எங்கே போவது என்று கேட்டால் அதற்கும் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. சொந்தச் சேமிப்பு, உற்றார் உறவினர், வங்கிக் கடன், முத்ரா, ஸ்டார்ட் அப் இந்தியா, ஏஞ்சல் முதலீட்டாளர்கள், வென்ச்சர் கேப்பிடல் நிதியங்கள், பங்குச் சந்தை என அது நீள்கிறது. படிப்பவருக்கு வழிகளுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது, யார் முகத்தில் சாத்தப்படுகிறது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை.

யார் இந்தத் தொழில்முனைவோர்? 2015-16இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்று, நாட்டில் பதிவுபெற்ற கம்பெனிகளாக அல்லாத சிறுதொழில், வணிக, சேவை நிறுவனங்கள் சுமார் 6.34 கோடி இருப்பதாகக் கணக்கிட்டது. அவற்றில் 84 விழுக்காடு, கூலிக்கு ஒருவரைக்கூட நிரந்தரமாக அமர்த்திக்கொள்ளாதவை. வீட்டுத் திண்ணையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவர், தள்ளுவண்டியில் இட்லி விற்பவர், ஒற்றைக் கடைசல் இயந்திரத்தோடு உதிரிபாகம் செய்து கொடுப்பவர், இரண்டு தறி வைத்திருப்பவர் ஆகியோரே இவர்கள். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி உழைப்போரில் 58.4 விழுக்காட்டினர் சுயதொழில் செய்வோர். 2017-18இல் இது 52.2 விழுக்காடாக இருந்தது. இந்த உயர்வைத் தொழில்முனைவின் மலர்ச்சி என்று ஆட்சியாளர்கள் கொண்டாடுகிறார்கள். கூலி வேலை கிடைக்காதவர்கள் கிடைத்ததைச் செய்து பிழைக்கத் துணிந்ததன் கணக்கு இது. சிறு உடைமையாளருக்குக் கடன் கிடைப்பது உழைக்கும் வர்க்கக் கட்சியின் கவலையா என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. மேற்கண்ட எண்களில் பெரும்பகுதி உழைக்கும் வர்க்கம்தான். முதலாளியும் கூலியாளும் ஒரே உடலில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில், விளம்பரத்தில் முன்னிற்கும் வழியைப் பார்க்கலாம். ஸ்டார்ட் அப் இந்தியா திட்டம் 2016 ஜனவரி 16 அன்று தொடங்கப்பட்டது. அதன் கீழ் 10,000 கோடி ரூபாயில் நிதியங்களுக்கான நிதியம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2025 நிதிநிலை அறிக்கையில் மேலும் 10,000 கோடி அறிவிக்கப்பட்டுள்ளது. இந்தப் பணம் தொழில் தொடங்குபவரிடம் நேரடியாகப் போவதில்லை. சிட்பி மூலம் செபியில் பதிவுபெற்ற தனியார் முதலீட்டு நிதியங்களுக்குப் போகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்த நிதியங்களின் மேலாளர்கள் முடிவு செய்கிறார்கள். பணம் மக்களுடையது, தேர்வு தனியாருடையது.

அந்தத் தேர்வு எந்த அளவுகோலில் நடக்கிறது? வென்ச்சர் கேப்பிடல் பத்து நிறுவனங்களில் பணம் போடுகிறது. அவற்றில் பல அழியும் என்பது தெரிந்தே போடுகிறது. ஒன்றிரண்டு, சில ஆண்டுகளுக்குள் பல மடங்காகப் பெருகிப் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டால் அல்லது பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு நிதானமாக வளர்ந்து எட்டுப் பேருக்கு வேலை தரும் மாவு ஆலையோ, பழுதுபார்க்கும் பட்டறையோ இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் இடம்பெறாது. ஆகவேதான் இந்தப் பணம் பெங்களூரு, டெல்லி, மும்பை என்று மூன்று மாநகர வட்டாரங்களில் குவிகிறது. வந்த பணமும் பெரும்பாலும் புதிய உற்பத்தித் திறனை உருவாக்குவதில்லை. நட்டத்தில் சேவை கொடுத்துப் போட்டியாளர்களை ஒழிக்கவே செலவாகிறது. முதலீட்டாளர்கள் லாபம் கேட்கத் தொடங்கும் நாளில், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரின் ஊக்கத்தொகைதான் முதலில் வெட்டப்படுகிறது. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் கொண்டாடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. முதலீட்டாளர்களின் இழப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வணிக ஏடுகள், சம்பளம் கிடைக்காத ஊழியர்களுக்கு ஒதுக்கிய இடம் சொற்பம்.

பெரும்பான்மையோருக்குக் காட்டப்படும் வழி முத்ரா. 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய இத்திட்டத்தில் பத்தாண்டுகளில் 52 கோடிக் கடன்கள், 32.61 லட்சம் கோடி ரூபாய் வழங்கப்பட்டதாக ஒன்றிய அரசு கூறுகிறது. பிரம்மாண்டமான எண்கள்தான். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால் சராசரிக் கடன் 63 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. கடன்களின் எண்ணிக்கையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 50,000 ரூபாய் வரையிலான 'சிசு' வகை. நாட்டில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையைவிடக் கடன்களின் எண்ணிக்கை அதிகம். ஒருவரே மீண்டும் மீண்டும் வாங்கிய கடன்கள் இதற்குள் இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஐம்பதாயிரத்தில் ஏற்கெனவே இருக்கும் கடைக்குச் சரக்கு வாங்கலாம். ஒரு குடும்பத்தின் பழைய கடனை அடைக்கலாம். நாலு பேருக்கு வேலை தரும் தொழிலைத் தொடங்க முடியாது. வேலை தருவோராக மாறுங்கள் என்று அழைத்த அரசு, தன்னைத் தவிர வேறு எவருக்கும் வேலை தர முடியாத அளவுக்கே பணம் தருகிறது.

பெரிய தொகைக்கும் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்தது. 2016 ஏப்ரல் 5இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா, 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை புதிய தொழிலுக்குக் கடன் தருவதாகச் சொன்னது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கும், பெண் ஒருவருக்கும் குறைந்தபட்சம் ஒரு கடனாவது தர வேண்டும் என்பது விதி. அன்று கணக்கில் கொள்ளப்பட்ட கிளைகள் சுமார் 1.25 லட்சம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், இத்திட்டத்தில் பட்டியல் சாதியினர் பெயரில் இருந்த கணக்குகள் சுமார் 46 ஆயிரம். பழங்குடியினர் பெயரில் சுமார் 15 ஆயிரம். இரண்டையும் கூட்டினாலும் கிளைக்கு ஒருவர் என்ற கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆண்டுக்கு ஒருவர் அல்ல, எட்டு ஆண்டுகளில் ஒருவர்! அந்த ஒருவரைக்கூட நாட்டின் வங்கிக் கிளைகளில் பாதிக்கு மேற்பட்டவை கண்டுபிடிக்கவில்லை. பிணையாக வைக்க நிலம் இல்லை, முன்பு கடன் வாங்கிய வரலாறு இல்லை, தெரிந்த உத்தரவாததாரர் இல்லை என்ற காரணங்கள் சொல்லப்படும். பல தலைமுறைகளாக நிலமும் சொத்தும் மறுக்கப்பட்டதையே தகுதிக் குறைவாகத் திருப்பிச் சொல்வதற்குப் பெயர் சாதியம். திட்டம் 2025 மார்ச்சுடன் முடிந்தது. அது ஏன் பாதியில் நின்றது என்று நாடாளுமன்றத்தில் அரசு விளக்க வேண்டும்.

வங்கி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் எங்கே போகிறார்? மனைவியின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. அதற்கும் வழியில்லாதவரின் தெருவுக்கு நுண்நிதி நிறுவனத்தின் முகவர் தாமே வருகிறார். 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்து, பெண்களின் தற்கொலைகள் நாட்டை உலுக்கிய பிறகு, மாலேகாம் குழு இந்நிறுவனங்களின் வட்டிக்கு 24 விழுக்காடு உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. இந்நிறுவனங்கள் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை 2022இல் ரிசர்வ் வங்கி நீக்கிவிட்டது. இரண்டரை ஆண்டுகளில், 2024 அக்டோபரில், மிகையான வட்டி வசூலித்ததற்காக நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்கத் தடை விதிக்க வேண்டிய நிலை அதே ரிசர்வ் வங்கிக்கு ஏற்பட்டது. 2025இல் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் கட்டாய வசூலுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. வசூல் முறையின் கொடுமை பலமுறை பேசப்பட்டுவிட்டது. தொழிலுக்கான கடன் என்ற வகையில் இதன் அடிப்படைப் பழுது வேறு. வாங்கிய அடுத்த வாரமோ அடுத்த மாதமோ தவணை தொடங்கிவிடுகிறது. எந்தப் புதிய தொழிலும் அவ்வளவு சீக்கிரம் வருமானம் தராது. ஆகவே தொழிலுக்கு வாங்கிய கடனைக் கணவரின் கூலியிலிருந்தோ இன்னொரு குழுவில் வாங்கிய கடனிலிருந்தோ கட்ட நேர்கிறது. தொழில் தொடங்கும் முன்பே கடன் அதைத் தின்றுவிடுகிறது.

இந்தப் பணம் நுண்நிதி நிறுவனங்களுக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வங்கிகளிடமிருந்துதான். வங்கிகள் இந்நிறுவனங்களுக்குக் கொடுத்து, அவை சிறுதொழிலுக்கு மறுகடனாகக் கொடுத்தால், குறிப்பிட்ட வரம்புக்குள் அதை முன்னுரிமைக் கடனாகக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம். 2020 நவம்பரில் கூட்டுக் கடன் முறையும் வந்தது. அன்றைய விதிப்படி வங்கி 80 விழுக்காடு போட முடிந்தது, நிதி நிறுவனம் 20 விழுக்காடு போட்டுக் கடனாளியைப் பிடித்து வர முடிந்தது. கிளையில் நேரில் கேட்டபோது மறுக்கப்பட்ட அதே வைப்புத்தொகை, இடையில் ஒருவரின் லாபத்தைச் சுமந்துகொண்டு அதே பெண்ணின் வீட்டு வாசலுக்கு இரட்டிப்பு வட்டியில் வந்து சேர்கிறது.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது கிராமப்புறக் கிளைகள் 1,833 மட்டுமே. 1991இல் அவை 35 ஆயிரத்தைத் தாண்டின. அதற்கு முன்பு வங்கிகள் பெருமுதலாளிகளின் குடும்பப் பெட்டியாக இருந்தன. யூகோ வங்கி பிர்லாக்களுடையது. நாட்டுடைமைக்குப் பிறகும் நிலைமை முழுதும் மாறிவிடவில்லை. தொழில் வளர்ச்சிக்கென்று உருவான ஐஎஃப்சிஐ போன்ற பொது நிதி நிறுவனங்களின் நீண்டகாலக் கடனைப் பெருங்குழுமங்களே அள்ளிச் சென்றதை 1969இலேயே சுபிமல் தத் குழு அம்பலப்படுத்தியது. தனியார் முயற்சியின் மகிமை பேசும் குழுமங்கள் பல, பொதுப் பணத்தில் வளர்ந்தவை. ஆனாலும் சிறுதொழிலுக்கும் விவசாயத்திற்கும் வங்கிக் கடனில் 40 விழுக்காடு என்ற கடமை அந்தக் காலத்தின் சாதனை. 1991இல் நரசிம்மம் குழு அதை 10 விழுக்காடாகக் குறைக்கச் சொன்னது. வங்கி ஊழியர் இயக்கமும் இடதுசாரிகளும் எதிர்த்ததால் எண் பிழைத்தது. உள்ளீடு மாற்றப்பட்டது. குறுந்தொழிலுக்கென்று 7.5 விழுக்காடு தனி இலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனமும் குறுந்தொழில்தான். இட்லிக்கடைக்காரரும் பத்துக் கோடி விற்பவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டால், வங்கி மேலாளர் யாரை அழைப்பார் என்பதை ஊகிக்க நிபுணர் குழு தேவையில்லை.

மேலாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2017இல் 27ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் இணைப்புகளால் 2020 ஏப்ரலில் 12 ஆகிவிட்டன. கிளையில் மூன்று நான்கு பேர் கணக்கு, காப்பீட்டு விற்பனை, வசூல் அனைத்தையும் பார்க்கிறார்கள். தொழில் தொடங்க வருபவரின் ஊரையும் தொழிலையும் அறிந்து, திட்ட அறிக்கை எழுத உதவும் அலுவலர் என்ற இனமே அருகிவிட்டது. சிபில் மதிப்பெண்ணை நோக்கி விரல் நீட்டுவது எளிது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்திற்காக முதன்முறை கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பதும், குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரை பிணை கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் நெறிகள். அவை கிளைச் சுவரில் ஒட்டப்படுவதுகூட இல்லை.

பணமே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக 2025 மார்ச்சில் ஒன்றிய அரசே மக்களவையில் தெரிவித்தது. அதில் 9 லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது. நீக்கம் என்பது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்று நிதியமைச்சகம் சொல்கிறது. ஐயாயிரம் ரூபாய் தவணை தவறியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நடக்கும் வசூலோடு இந்த வசூலை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் கடன் பற்றாக்குறை 20 முதல் 25 லட்சம் கோடி ரூபாய் என்று 2019இல் ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே. சின்ஹா குழு மதிப்பிட்டது.

மாநில அரசுகளின் கை சிறியது என்றாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதில்லை. கேரளத்தில் 1998இல் இடது முன்னணி ஆட்சி தொடங்கிய குடும்பஸ்ரீ, உள்ளாட்சிகளோடு இணைந்த பெண்களின் அமைப்பாக வளர்ந்து, வங்கியிடம் கூட்டாகக் கடன் கேட்கும் வலிமையைத் தந்தது. 2019இல் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்துக் கேரள வங்கி உருவாக்கப்பட்டது. மக்களின் சேமிப்பு மாநிலத்திற்குள்ளேயே கடனாகச் சுழல வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆயினும் தேசிய வங்கிகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் எந்த மாநிலத்திற்கும் இல்லை.

ஆகவே கோரிக்கை ஒன்றிய அரசையும் ரிசர்வ் வங்கியையும் நோக்கியே எழ வேண்டும். மறுகடனையும் கூட்டுக் கடனையும் முன்னுரிமைக் கணக்கில் சேர்ப்பது நிறுத்தப்பட வேண்டும். கூலியாள் இல்லாத சொந்த உழைப்புத் தொழில்களுக்குக் குறுந்தொழில் இலக்கிற்குள் தனி ஒதுக்கீடு வேண்டும். புதிய தொழில் கடனுக்கு முதல் தவணை தொடங்க ஆறு மாதமாவது அவகாசம் தரப்பட வேண்டும். நுண்கடன் வட்டிக்கு உச்சவரம்பு திரும்ப வர வேண்டும். கிளைகளில் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. முன்னோடி வங்கித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிகளின் மறுஆய்வுக் கூட்டம் நடக்கிறது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் மாவட்ட ஊராட்சித் தலைவர்களும் அதற்கு அழைக்கப்பட வேண்டும். பல இடங்களில் அது தேநீரோடு முடிகிற சடங்காகிவிட்டது. கட்சியின் மக்கள் பிரதிநிதிகள் அங்கே சென்று, கிளைவாரியாக எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை எந்தக் காரணத்திற்காக நிராகரிக்கப்பட்டன, பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர் எத்தனை பேர் என்ற விவரத்தை எழுத்தில் கேட்க வேண்டும். பிரதிநிதி இல்லாத மாவட்டங்களில் வாலிபர், மாதர், சிறுவணிகர் அமைப்புகள் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களைத் திரட்டி, அடுத்த காலாண்டுக் கூட்டத்திற்கு முன்பாக முன்னோடி வங்கி மேலாளரிடம் நேரில் கொடுக்கலாம்.